ஸ்ட்ராஸ்பூர்க் ஜன்னலும் முத்தியால்பேட்டை வீடும்

என் அத்தை மகன் பிரான்ஸின் கிழக்கு எல்லையில், ஸ்ட்ராஸ்பூர்க் நகரத்துக்கு வெளியே குடும்பத்தோடு வசிக்கிறார். 1962-இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்ட குடும்பங்களில் அத்தையின் புகுந்த வீடும் ஒன்று. அத்தான் அங்கே வாங்கியது பழைய வீடு. போன குளிர்காலத்துக்கு முன் அதன் ஜன்னல்களையும் வாசல் கதவையும் முழுவதுமாக மாற்றி, ஜன்னல்களுக்கு இரட்டைக் கண்ணாடி போட்டார். பொங்கலுக்கு ஊருக்கு வந்தபோது அவருக்கு அதே பேச்சுதான். "முன்பெல்லாம் ஜன்னலோரம் உட்கார்ந்தால் கால் விறைத்துப்போகும். இப்போது ஹீட்டரைக் குறைத்து வைத்தாலும் குளிரவில்லை" என்றார். பேச்சோடு பேச்சாக, "அம்மா வீட்டுக்கும் இதையே போட்டுவிடலாம். அந்த மேற்கு அறை சாயங்காலத்தில் அடுப்பாகக் கொதிக்கிறது" என்றும் சொன்னார்.

நான் கடலூரில் இருக்கிறேன். புதுச்சேரி முத்தியால்பேட்டையில் அத்தை தனியாக இருக்கும் அந்த வீட்டுக்கு மாதம் இருமுறையாவது போய்வருகிறேன். மேற்கு அறையின் சூடு எனக்கும் தெரியும். ஆனாலும் வேண்டாம் என்றேன். ஏன் என்று அன்றைக்கு முழுதாகச் சொல்ல நேரம் கிடைக்கவில்லை. பெற்றோரின் வீட்டை நன்றாக வைத்துக்கொள்ள வேண்டும் என்ற அக்கறையில் வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பும் பிள்ளைகள் பலரும் இதே எண்ணத்தில் இருக்கிறார்கள் என்பதால் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

முதலில், அத்தான் அங்கே செய்தது சரியான காரியம். அதன் கணக்கு புரிந்தால்தான் இங்கே ஏன் அது செல்லாது என்பது விளங்கும்.

ஜன்னல் வழியாக வெப்பம் கடப்பதை அளக்க யு-மதிப்பு என்று ஓர் எண் உண்டு. உள்ளுக்கும் வெளிக்கும் ஒரு டிகிரி வித்தியாசம் இருக்கும்போது, ஒரு சதுர மீட்டர் பரப்பு வழியாக எத்தனை வாட் வெப்பம் போகிறது என்பதுதான் அது. எண் குறையக் குறைய நல்லது. ஒற்றைக் கண்ணாடிக்கு ஏறத்தாழ 5.8. இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே வெறும் காற்றை அடைத்தால் 2.8. அதில் சூட்டைத் தடுக்கும் லோ-ஈ என்ற பூச்சு கொடுத்து ஆர்கான் வாயுவை நிரப்பினால் 1.1 அளவுக்கு இறங்கும். மூன்று கண்ணாடி அடுக்கினால் 0.6 வரைகூடப் போகலாம்.

வெளியே பூஜ்யம் டிகிரி, உள்ளே 20 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். ஒற்றைக் கண்ணாடி ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் 116 வாட்டை வெளியே கொட்டிக்கொண்டிருக்கும். பூச்சும் ஆர்கானும் உள்ள புதிய இரட்டைக் கண்ணாடியில் அது 22 வாட். இது ஒரு மணி நேரத்து இழப்பாக நின்றுவிடுவதில்லை. நவம்பர் தொடங்கி மார்ச் வரை இரவும் பகலும் நடந்துகொண்டே இருக்கும்.

அத்தான் சொன்ன கால் விறைப்பும் இந்தக் கணக்கில் அடங்கியதுதான். அதே பூஜ்யம் டிகிரி இரவில் ஒற்றைக் கண்ணாடியின் உட்பக்கம் சுமார் 5 டிகிரியில் இருக்கும். அதை ஒட்டிய காற்று குளிர்ந்து, கனத்து, தரையோடு வழிந்து காலில் படும். ஜன்னல் இறுக மூடியிருந்தாலும் எங்கிருந்தோ காற்று வருவதுபோல் தோன்றுவது இதனால்தான். உள்ளே 20 டிகிரியும் 50 சதவீத ஈரப்பதமும் இருந்தால், 9 டிகிரிக்குச் சற்று மேலேயே காற்றின் ஈரம் நீராக மாறத் தொடங்கிவிடும். ஆகவே 5 டிகிரிக் கண்ணாடியில் நீர் கோத்து, சட்டத்தில் வழிந்து, மூலையில் கரும்பூஞ்சை பிடிக்கும். புதிய கண்ணாடியின் உட்பக்கம் அதே இரவில் 17 டிகிரியில் இருக்கும். நீர் கோக்க வழியில்லை.

லோ-ஈ என்பது கண்ணாடியின் மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய வெள்ளிப் பூச்சு. முழு அளவை 1 என்று கொண்டால், சாதாரணக் கண்ணாடி தான் வாங்கிய சூட்டைக் கதிராக வீசும் திறன் 0.84. பூசிய முகத்துக்கு அது 0.05 அளவுதான். பூச்சு எந்த முகத்தில் இருக்கிறது என்பது முக்கியம். வெளியிலிருந்து எண்ணினால் இரட்டைக் கண்ணாடிக்கு நான்கு முகங்கள். குளிர் நாட்டில் பூச்சு மூன்றாவது முகத்தில் இருக்கும். அறையின் சூடு அறைக்கே திரும்பும், வெளியே அடிக்கும் இளவெயிலும் உள்ளே வரும். வெப்ப நாட்டில் இரண்டாவது முகத்தில் இருக்க வேண்டும், வெயிலின் சூடு வெளியோடு நிற்பதற்காக. இந்த ஒரு விவரத்திலேயே இரண்டு ஊர்களும் எதிரெதிராகத் திரும்பிவிடுகின்றன.

பிரான்ஸில் வீட்டைப் புதுப்பிக்க அரசு தரும் உதவித்தொகைக்கான விதியிலும் இதைப் பார்க்கலாம். ஜன்னல் முழுவதற்குமான யு-மதிப்பு 1.3-க்குள் இருக்க வேண்டும், கூடவே வெயிலின் வெப்பத்தில் குறைந்தது 30 சதவீதத்தையாவது அது உள்ளே விட வேண்டும். யு-மதிப்பு 1.7 வரை போனால் 36 சதவீதத்தை விட வேண்டும். அங்கே சூரியன் விருந்தாளி. அவர் உள்ளே வருவதற்கென்றே எண் குறித்து விதி எழுதியிருக்கிறார்கள். கனடாவில் குளிர் இன்னும் கடுமை. அங்கே எரிசக்தியைச் சிக்கனப்படுத்தும் பொருள்களுக்குத் தரும் எனர்ஜி ஸ்டார் முத்திரைக்கு 2020 முதல் யு-மதிப்பு 1.22-க்கு மேல் போகக்கூடாது, அல்லது வெயிலால் வரும் வரவையும் சேர்த்துக் கணக்கிடும் இன்னொரு எண் 34-க்குக் குறையக்கூடாது.

அங்கே வீடு வைத்திருப்பவர்களுக்கு என் அத்தான் அனுபவத்திலிருந்து இரண்டு செய்திகள். கண்ணாடியைத் தேர்ந்தெடுப்பதைவிட அதைப் பொருத்தும் முறையில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பழைய நிலைச்சட்டத்தை அப்படியே விட்டு அதன்மேல் புதிய சட்டத்தை ஏற்றுவது ஒரு முறை. மலிவு, ஒரே நாளில் முடியும். ஆனால் கண்ணாடிப் பரப்பு சுருங்கும், பழைய மரத்துக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த இடுக்கும் அப்படியே தங்கிவிடும். பழைய சட்டத்தைச் சுவர்வரை பெயர்த்து எடுத்துவிட்டுப் புதிதாக வைப்பது மற்றது. இதைத்தான் அவர் செய்தார். சுவரோரத்து இடைவெளியில் நுரையை அடித்ததோடு விட்டுவிடாமல், உட்பக்கம் காற்றுப் புகாத பட்டையும் வெளிப்பக்கம் மழை புகாத பட்டையும் ஒட்டச் சொன்னார். வாசல் கதவு நடுவில் நுரை அடைத்த வகை. பூட்டைத் திருப்பினால் மேலும் கீழும் பல இடங்களில் நாக்கு நீண்டு, கதவை ரப்பர் பட்டையோடு அழுத்திப் பிடிக்கிறது. கதவின் யு-மதிப்புக்கு அங்கே விதிக்கும் வரம்பு 1.7.

இரண்டாவது செய்தி காற்று. பழைய ஜன்னல் ஒழுகியபடியே வீட்டுக்கு மூச்சும் கொடுத்துவந்தது. எல்லாவற்றையும் இறுக்கியபின், சமைக்கும் ஆவியும் குளிக்கும் ஆவியும் வெளியேற வழி வேண்டும். அதனால் வரவேற்பறை, படுக்கையறை ஜன்னல்களின் மேற்சட்டத்தில் காற்று நுழைய ஒரு சிறு பிளவு வைத்து, சமையலறையிலும் குளியலறையிலும் காற்றை இழுக்கும் விசிறி வைக்கிறார்கள். இதை மறந்த வீடுகளில் புது ஜன்னல் வந்தபிறகுதான் பூஞ்சையே வருகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். காப்பு இல்லாத பழைய பிரெஞ்சு வீட்டில் ஜன்னல் வழியாகப் போகும் வெப்பம் மொத்த இழப்பில் 10 முதல் 15 சதவீதம்தான் என்று அந்நாட்டின் சுற்றுச்சூழல் முகமை கணக்கிடுகிறது. கூரை வழியாகப் போவது 25 முதல் 30 சதவீதம். கையில் ஒரு தொகைதான் இருக்கிறது என்றால் அது முதலில் கூரைக்குப் போக வேண்டும்.

இனி முத்தியால்பேட்டைக்கு வருவோம்.

ஏப்ரல் மாதம், மாலை 4 மணி. வெளியே 38 டிகிரி. ஏசி போட்ட அறை 25 டிகிரி. வித்தியாசம் 13. ஒற்றைக் கண்ணாடி வழியாகக் காற்றுச் சூடு மட்டும் உள்ளே கொண்டுவருவது ஒரு சதுர மீட்டருக்கு சுமார் 75 வாட். அதே நேரத்தில் மேற்குச் சுவரில் விழும் வெயில் 600 வாட் என்று வைத்துக்கொள்ளலாம். தெளிந்த கண்ணாடி அதில் ஐந்தில் நான்கு பங்குக்குச் சற்று அதிகமாகவே உள்ளே விட்டுவிடும். அதாவது 490 வாட்.

இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சாதாரண இரட்டைக் கண்ணாடி போட்டால் 75 பாதியாகும். 490 சற்றே குறைந்து 450 பக்கம் வரும். பெருந்தொகை செலவழித்துச் சிறிய எண்ணைத்தான் பாதியாக்குகிறோம். மேற்கு அறையை அடுப்பாக்கியது பெரிய எண். அத்தான் வீட்டில் வெயிலைக் கணக்கில் சேர்க்காமலேயே 116 வாட் இழப்பு. அத்தை வீட்டில் வெயிலை விட்டால் வேறு கணக்கே இல்லை என்று சொல்லிவிடலாம்.

வெயிலைக் கண்ணாடிக்கு வெளியிலேயே நிறுத்துவதுதான் இங்கே வழி. திரைச்சீலை போட்டால் போதாதா என்று கேட்பார்கள். திரையில் பட்ட வெயில் ஏற்கெனவே கண்ணாடியைத் தாண்டி வீட்டுக்குள் வந்துவிட்டது. திரை சூடேறி அந்தச் சூட்டை அறைக்குள்தான் விடும். வெளியே கட்டிய தட்டி சூடேறினால் அந்தச் சூடு தெருக்காற்றோடு போகும். பொருள் ஒன்றேயானாலும் கண்ணாடிக்கு எந்தப் பக்கம் தொங்குகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

புதுச்சேரி வடக்கே ஏறத்தாழ 12 டிகிரி அட்சரேகையில் இருக்கிறது, கடலூர் சற்றுத் தெற்கே. ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்திலும் உச்சிவேளையில் சூரியன் நம் தலைக்கு நேர்மேலே நிற்கும். டிசம்பரில் அதிகமாகச் சாயும்போதுகூட உச்சி உயரம் 54 டிகிரிக்குக் குறைவதில்லை. ஆகையால் தெற்கு ஜன்னலைக் காப்பது எளிது. 4 அடி உயர ஜன்னலுக்கு மேலே 2 அடி சன்ஷேடு இருந்தால் மார்ச், செப்டம்பர் மாதங்களில் முழுக் கண்ணாடியும் நிழலில் இருக்கும். டிசம்பர் உச்சியிலும் முக்கால்வாசிக்கு நெருக்கமாகக் காக்கும், அந்த மாதத்தில் கொஞ்சம் வெயில் வந்தாலும் குற்றமில்லை. மேற்கு அப்படிப்பட்டதில்லை. மாலை 4 மணிக்குச் சூரியன் 35 டிகிரி உயரத்துக்குத் தாழ்ந்து நேராக முகத்தில் அடிக்கும். அதே 4 அடி ஜன்னலைச் சன்ஷேடாலேயே மறைக்க வேண்டும் என்றால் அது கிட்டத்தட்ட 6 அடி நீள வேண்டும். 6 அடி நீண்டால் அதற்குப் பெயர் சன்ஷேடு இல்லை, தாழ்வாரம். நம் முன்னோர் ஓட்டுக் கூரையை ஏன் அவ்வளவு தாழ்த்தி இழுத்துவந்து தூணில் நிறுத்தினார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான விடை எனக்குத் தெரியாது.

காற்றுக்கும் நம்மிடம் திசைப்பெயர்கள் உண்டு. தெற்கிலிருந்து வருவது தென்றல், வடக்கிலிருந்து வாடை, கிழக்கிலிருந்து கொண்டல், மேற்கிலிருந்து கோடை. கோடை வீசும் பக்கம் சிறிய ஜன்னலும், தென்றலும் கடற்காற்றும் வரும் பக்கம் பெரிய ஜன்னலும் வைப்பது ஜோதிடம் பார்த்துச் செய்த காரியமில்லை. பழந்தமிழில் ஜன்னலுக்குக் காலதர் என்று ஒரு பெயர். கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. பெயரிலேயே வெளிச்சத்துக்கு முன்னால் காற்று நிற்கிறது.

இந்திய அரசின் எரிசக்தித் திறன் வாரியம் 2018-இல் வெளியிட்ட எக்கோ நிவாஸ் சம்ஹிதா என்ற வீடுகளுக்கான விதித்தொகுப்பிலும் இதே கருத்து எண்ணாக இருக்கிறது. வெப்பமும் புழுக்கமும் உள்ள பகுதியில், அதாவது நம் கடற்கரையில், வீட்டின் தரைப்பரப்பில் குறைந்தது 16.66 சதவீதம் திறக்கக்கூடிய ஜன்னலாகவும் கதவாகவும் இருக்க வேண்டும். குளிர்ப் பகுதிக்கு 8.33 சதவீதம் போதும். சரியாகப் பாதி. திறக்கக்கூடிய என்ற சொல்லைக் கவனியுங்கள். கீலில் திறக்கும் ஜன்னலில் 90 சதவீதம் திறப்பாகும். இரண்டு பலகைத் தள்ளு ஜன்னலில் ஒன்றன் பின்னால் ஒன்று ஒளிந்துகொள்வதால் பாதிதான் திறப்பு. நம் ஊரில் பழைய மர ஜன்னலைப் பெயர்த்துவிட்டு அலுமினியத் தள்ளு ஜன்னல் வைக்கும் ஒவ்வொரு முறையும், சுவரில் உள்ள ஓட்டை அதே அளவாக இருக்க, வரும் காற்று பாதியாகிவிடுகிறது. அந்தப் பாதிக் காற்றை ஈடுகட்ட ஏசி வாங்குகிறோம். இதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

புதுச்சேரிக்காரர்கள் வெகுதூரம் போக வேண்டியதில்லை. பிரெஞ்சுத் தெருக்களின் பழைய வீடுகளில் உயரமான ஜன்னல்களுக்கு வெளியே சாய்பலகைக் கதவுகள் இருக்கின்றன. மூடிவைத்தாலும் வெயில் வெளியே நிற்கும், காற்று பலகைகளுக்கு நடுவே நுழையும், சாதாரண மழையும் தெறிக்காது. இதன் உச்சத்தைக் காண வேண்டுமானால் அரவிந்தர் ஆசிரமத்தின் தங்குமிடமான கோல்கொண்டேவைப் பார்க்க வேண்டும். 1930களின் பிற்பகுதியில் கட்டத் தொடங்கியது. கட்டடக் கலைஞர் அன்டோனின் ரேமண்ட் வடிவமைத்தார், அவரிடம் வேலை பார்த்த ஜார்ஜ் நகாஷிமா இங்கேயே தங்கிக் கட்டுமானத்தைக் கவனித்தார். வடக்கு முகமும் தெற்கு முகமும் முழுவதும் திருப்பக்கூடிய கிடைமட்டத் தகடுகளால் ஆனவை. ஜன்னல் கண்ணாடியே கிடையாது. அறைக்கும் நடைபாதைக்கும் நடுவில் தேக்குச் சட்டங்களை அடுக்கிய தள்ளு கதவு. அது கண்ணை மறைக்கும், காற்றை மறைக்காது.

சரி, அப்படியானால் இங்கே எதை மாற்றலாம்? பொருளைப் பற்றி முதலில். கடலிலிருந்து சில கிலோமீட்டருக்குள் இருக்கும் வீட்டில் உப்புக்காற்றுதான் முதல் எதிரி. தேவனாம்பட்டினம் பக்கம் இரும்புக் கீல்கள் எத்தனை சீக்கிரம் துருவேறி உதிர்கின்றன என்று கடலூரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். துருப்பிடிக்காத எஃகு என்று விற்பதிலும் 304 என்ற ரகம் கடலோரத்தில் புள்ளி புள்ளியாகக் கறுக்கும். 316 என்ற ரகத்தில் மாலிப்டினம் கலந்திருப்பதால் உப்பைத் தாங்கும். கீல், தாழ்ப்பாள், திருகாணி எல்லாவற்றையும் 316-இல் கேட்டு வாங்குங்கள். கீல் 316 ஆக இருந்து திருகாணி சாதாரண இரும்பாக இருந்தால் பயனில்லை. யுபிவிசி என்ற கெட்டிப் பிளாஸ்டிக்கில் செய்த சட்டம் உப்பில் அரிக்காது, சூட்டையும் கடத்தாது. ஆனால் அதன் உள்ளே பலத்துக்கு வைக்கும் இரும்புக் குழல் துருப்பிடிக்கும், எனவே துளைகளின் வழியாக நீர் புகாமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அலுமினியம் யுபிவிசியைப்போல் ஏறத்தாழ ஆயிரம் மடங்கு சூட்டைக் கடத்தும். வெயில் படாத, ஏசி இல்லாத அறையில் அது பெரிய குறையில்லை. நல்ல தேக்கு கிடைத்தால் எனக்கு மரம்தான் பிடிக்கும். ஐப்பசி மழையில் உப்பிக்கொண்டு கதவு பிடிக்கும் என்பது உண்மை, ஓர் ஆசாரி அரைநாள் இழைத்தால் தீரும்.

புயலையும் மறக்கக்கூடாது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில்தான் கரையைக் கடந்தது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புதுச்சேரிக்கு அருகே கடந்தபோது ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அப்படிப்பட்ட காற்றில் மழை மேலிருந்து விழாது, பக்கவாட்டில் அடிக்கும். தள்ளு ஜன்னலின் கீழ்த்தண்டவாளத்தில் நீர் வெளியேறும் சிறு துளைகள் அடைபட்டிருந்தால் தண்ணீர் நிரம்பி அறைக்குள்தான் வழியும். வெளியே கனமான மரச் சாய்பலகைக் கதவு இருந்தால் பறந்துவரும் ஓட்டுத்துண்டுகளிலிருந்து கண்ணாடியையும் அது காக்கும்.

இரட்டைக் கண்ணாடி இங்கே வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நாள் முழுவதும் ஏசி ஓடும் மருத்துவமனை அறைக்கும் அலுவலகத்துக்கும் அது பொருந்தும். இரண்டாவது முகத்தில் பூச்சுள்ள, வெயிலின் வெப்பத்தில் கால் பங்குக்கு மேல் விடாத ரகத்தைத்தான் கேட்க வேண்டும். ஐரோப்பியத் தரம் என்ற சொல்லை மட்டும் நம்பி மூன்றாவது முகத்துப் பூச்சை வாங்கினால் வெயிலை அழைத்துவந்து உள்ளே பூட்டிவைத்ததாக ஆகிவிடும். இரவில் மட்டும் ஏசி போடும் அறைக்குக் கதவோரத்து ரப்பர் பட்டையும் அடிப்பகுதியில் தூரிகைப் பட்டையும் போதும். புழுக்கமான நம் காற்று இடுக்கு வழியாக நுழைந்துகொண்டிருந்தால் ஏசியின் உழைப்பில் ஒரு நல்ல பங்கு அந்த ஈரத்தை நீராக்கி வடிப்பதிலேயே போய்விடும்.

அத்தை வீட்டில் கடைசியில் என்ன செய்தோம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். மேற்கு அறை ஜன்னலில் பத்து ஆண்டுகளுக்கு முன் பழைய மரக் கதவுகளைக் கழற்றிவிட்டுத் தள்ளு கண்ணாடி வைத்திருந்தார்கள். அந்தக் கதவுகள் மாடிப்படிக்கு அடியில் சாக்கு போட்டு மூடிக் கிடந்தன. தேக்குதான், இரண்டு சாய்பலகைகள் மட்டும் உடைந்திருந்தன. ஆசாரி அவற்றைச் செதுக்கிப் புதிதாகப் பொருத்தி, 316 கீல் போட்டு, வெளிப்பக்கமாகத் திறக்கும்படி மாட்டிக் கொடுத்தார். ஜன்னலின் முன்னால் சுவரிலிருந்து 3 அடி தள்ளி மூங்கில் தட்டி ஒன்று, மடித்து ஏற்றும்படி கயிறு போட்டது. மாடித் தளத்துக்கு வெள்ளைப் பூச்சு. அத்தான் அனுப்ப நினைத்த பணத்தில் ஆறில் ஒரு பங்குகூடச் செலவாகவில்லை.

சித்திரை பிறந்து இரண்டு வாரம் கழித்துப் போயிருந்தேன். மணி நாலரை. அத்தை மேற்கு அறையில் தரையில் பாய் விரித்துப் படுத்திருந்தார். சாய்பலகைகளைப் பாதி திறந்து வைத்திருந்தார், கிழக்கு வாசல் கதவும் திறந்திருந்தது. கடற்காற்று வாசலில் நுழைந்து கூடத்தைத் தாண்டி அந்த அறை வழியாக வெளியேறிக்கொண்டிருந்தது. அத்தானுக்குப் போன் போட்டுக் கொடுத்தேன். "மின்விசிறி மூணாம் நம்பரில் ஓடுகிறது, போர்வை எதற்கும் வேண்டாம், நீ அங்கே கதவை நன்றாகச் சாத்திக்கொள்" என்றார் அத்தை.